கடலுக்கு அடியில் இருப்பது யாருக்குச் சொந்தம்?

மாநிலங்களுக்குக் கனிம வளத்தில் உரிமை கூடினால் ஒன்றியம் பலவீனமாகும் என்று கட்டுரையாளர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, ராயல்டி (கனிமம் எடுப்பதற்காகக் குத்தகைதாரர் செலுத்தும் தொகை) என்பது வரி அல்ல, கனிம உரிமைக்கு, அதாவது கனிமம் எடுக்கும் உரிமைக்கு, வரி போட மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 8-1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதனால் ஒன்றியம் எதையும் இழந்துவிடவில்லை.

சரி, நிலத்துக்காவது இந்த அளவுக்கு வழி பிறந்தது. கடலுக்கு? நான் காசிமேட்டுக்காரன். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் பொறுப்பு, ஆனால் அதே தண்ணீருக்கு அடியில் கிடக்கும் எண்ணெய், எரிவாயு, கனிமம் எல்லாம் அரசமைப்பின் 297-வது பிரிவின்படி ஒன்றியத்துக்குத்தான் சொந்தம். ஏதாவது ஆனால் பாதிப்பு மட்டும் எங்களுக்கு. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது கரையில் நின்று அதை வாளியில் அள்ளினார்களே, மறந்துவிட்டதா?

அப்புறம் மதுரை அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் ஏலம். ஏலம் விட்டது ஒன்றிய அரசு. மக்கள் தெருவுக்கு வந்து, சட்டமன்றம் தீர்மானம் போட்ட பிறகே 2025 ஜனவரியில் ரத்து செய்தார்கள். நிலமோ கடலோ, ஏலத்துக்கு முன்பே மாநிலத்தின் ஒப்புதலைக் கட்டாயமாக்குங்கள், அதைத்தான் கேட்கிறோம்.