மட்டிப்பழத்துச் செரட்டோனின் மூளைக்குப் போகாது

அண்ணாச்சி, மட்டி வாழைப்பழத்தில், நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் இருப்பதால் அது மூளையில் அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளில் போய்ச் சேர்ந்து மனச்சோர்வைத் தீர்க்கும், மாத்திரை வேண்டாம் என்ற செய்தியைப் பகிர்ந்திருக்கிறீர்கள். முதல் பாதி சரி. வாழைப்பழத்தில் செரட்டோனின் உண்டு. ஆனால் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே இருக்கும் தடுப்பை அதனால் கடக்க முடியாது. மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் அமிக்டலா, ஹிப்போகேம்பஸ் பகுதிகளின் ஏற்பிகளுக்கு வருவது, மூளைத்தண்டிலுள்ள ராஃபே என்ற பகுதியின் நரம்பணுக்கள் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து தாமே உண்டாக்கும் செரட்டோனின்.

அப்படியானால் பழத்தில் இருந்தது எங்கே போகிறது? உடைந்து சிறுநீரில் கழிகிறது. செரட்டோனின் உடைந்து வரும் பொருளை அளக்க 5-எச்.ஐ.ஏ.ஏ. என்றொரு சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறது. அதற்கு முன் சில நாள் வாழைப்பழம் தின்னாதீர்கள், முடிவு தவறாக உயர்ந்து காட்டும் என்று ஆய்வுக்கூடங்களின் குறிப்பிலேயே இருக்கும். நாகர்கோவிலில் தெரிந்த ஆய்வுக்கூடக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். மருந்தியல் பாடநூலில் செரட்டோனின் அத்தியாயத்தைப் புரட்டினாலும் போதும்.

வடசேரிச் சந்தையில் மட்டிக்குலையைக் கண்டால் விடாதவன்தான் நானும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், ருசிக்காகவே தின்னலாம். மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். மாத்திரை வேண்டாம் என்ற வரியைச் செய்தியிலிருந்து எடுத்துவிடுங்கள்.