‘சுமார்’ முதலிடம் பிடித்த கதை: பண்பாட்டுத் தரவில் தரவரிசை

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அருங்காட்சியகத்தின் பொருட்பட்டியலைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றும் பணியில் இருந்தேன். பொருள்களின் நிலையைக் குறிக்கும் பத்தியில் ‘மிக நன்று’, ‘நன்று’, ‘சுமார்’, ‘மோசம்’ என்று நான்கே சொற்கள்தாம். நிலைவாரியாக வரிசைப்படுத்தச் சொன்னதும், கணினி அகரவரிசைப்படி ‘சுமார்’, ‘நன்று’, ‘மிக நன்று’, ‘மோசம்’ என்று அடுக்கித் தந்தது. சுமாரான பொருள்கள் முதலிடத்தைப் பிடித்தன. மிக நன்றாக இருப்பவை மோசமானவற்றுக்குப் பக்கத்து வீட்டில் குடியேறின. எது எதைவிட மேல் என்று நாங்கள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை என்பதால், கணினியைக் குறை சொல்லவும் வழியில்லை.

உடனே செய்த பரிகாரம் எல்லாரும் செய்வதுதான்: மிக நன்று 1, மோசம் 4 என்று எண் கொடுத்துவிட்டோம். வரிசை சரியாயிற்று, ஆனால் எண் வந்த இடத்தில் கணக்கும் வந்துவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் சராசரி நிலை கணக்கிட்டு அறிக்கை வந்தது. ஒன்பது பொருள்கள் 1, ஒன்று 4 என்றால் சராசரி 1.3, அதாவது அந்தப் பெட்டிக்குக் கிட்டத்தட்ட ஒரு குறையும் இல்லை. அதற்குள் சிதைந்துகொண்டிருந்த பத்தாவது பொருள் அறிக்கையில் எங்குமே தென்படவில்லை.

தரவரிசை எண்ணுக்கும் அளவை எண்ணுக்கும் உள்ள இந்த வேறுபாடு புதிதன்று. ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் 1946-இலேயே பெயரளவு, வரிசை, இடைவெளி, விகிதம் என அளவுகோல்களை நான்காகப் பிரித்துக் காட்டினார். வரிசை அளவுகோலில் எது முன், எது பின் என்பது மட்டுமே பொருளுடையது. இரண்டு படிகளுக்கு இடையில் எவ்வளவு தொலைவு என்பதற்குப் பதிலே கிடையாது. கனிமங்களுக்காக 1812-இல் வந்த மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் குருந்தக்கல் 9, வைரம் 10. நேரடியாக அளந்தாலோ வைரம் குருந்தக்கல்லைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு கடினமானது. நாணயவியலில் இதே மயக்கம் இன்னும் சுவையானது. 1949-இல் ஷெல்டன் அமைத்த 1 முதல் 70 வரையிலான நாணயத் தர அளவுகோல், 70 தரமுள்ள நாணயம் 1 தரமுள்ளதைப்போல் எழுபது மடங்கு விலை பெறும் என்ற எண்ணத்தில் பிறந்தது. சந்தை விலை அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. எண்கள் மட்டும் வெறும் வரிசைக் குறிகளாக இன்றுவரை நிலைத்துவிட்டன. அதே அளவுகோலில் ‘குட்’ என்ற சொல்லுக்குரிய எண் வெறும் 4, அதாவது நன்றாகத் தேய்ந்துபோன நாணயம். பொருள் பாதுகாப்பாளரின் படிவத்தில் அதே சொல் கவலைப்பட ஏதுமில்லை என்று பொருள்படும். சொல்லுக்கெனத் தனியாக ஒரு தரம் கிடையாது; அது எந்த அளவுகோலில் நிற்கிறதோ அங்கேதான் அதன் தரம் முடிவாகிறது.

அருங்காட்சியகத் தரவை ஒரே முறையில் விவரிப்பதற்காக நம் துறை வைத்திருக்கும் பொது மாதிரியான சிடாக் சிஆர்எம் (CIDOC CRM) இதை எப்படிக் கையாள்கிறது? அதில் ஒவ்வொரு வகுப்புக்கும் ‘இ’ என்றும், ஒவ்வொரு உறவுக்கும் ‘பி’ என்றும் தொடங்கும் குறியெண் உண்டு. நிலை மதிப்பீடு ஒரு நிகழ்வு (இ14); அது ஒரு நிலையை (இ3) அடையாளம் காண்கிறது; அந்த நிலைக்கு ஒரு வகை (இ55) தரப்படுகிறது. யார், எப்போது மதிப்பிட்டார்கள் என்பது இந்த அமைப்பில் தானாகவே இடம்பெறுவது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். ஆனால் வகைகளுக்கு இடையில் அது தரும் முதன்மையான உறவு, விரிந்த வகை, குறுகிய வகை என்பதுதான் (பி127). ‘மோசம்’ என்பது ‘சுமார்’ என்பதன் உட்பிரிவு அன்று. இரண்டும் உடன்பிறப்புகள், அவற்றுள் ஒன்று மூத்தது. தமிழில் இந்த இரண்டு உறவுகளுக்கும் ‘படிநிலை’ என்ற ஒரே சொல்லைப் புழங்குவதால், பல கூட்டங்களில் பேச்சு வழிமாறிப் போவதைப் பார்த்திருக்கிறேன். பரிமாணம் என்னும் இ54 வகுப்பில் எண்ணாகப் போட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். அது முறைப்படி அளக்கக்கூடிய அளவுகளுக்கான இடம். தரநிலையை அங்கே கொண்டுபோய் வைத்தால் சராசரிக் கூத்து மறுபடியும் தொடங்கிவிடும்.

இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக 2009-இல் வெளிவந்த ஸ்காஸ் (SKOS), அதாவது சொற்பட்டியல்களைக் கணினிக்குப் புரியும்படி எழுதும் முறை, ‘வரிசைப்பட்ட தொகுப்பு’ என ஒன்றைத் தருகிறது. கருத்துகளை ஒரு பட்டியலில் முறைப்படி அடுக்கி வைக்க அது போதும், ஆனால் பட்டியலின் தலைப்பகுதி உயர்வா தாழ்வா என்பதை அது சொல்வதில்லை. ஆகவே அளவுகோலையே தனி அடையாளம் கொண்ட ஒரு பொருளாகப் பதிய வேண்டும் என்பது என் கருத்து. அதில் அடுக்கப்பட்ட வகைகள், வரிசையின் திசை, எந்தக் காலத்தில் அது நடைமுறையில் இருந்தது என்ற மூன்றும் இருக்க வேண்டும். மதிப்பீடு அந்த அளவுகோலின் ஒரு வகையைச் சுட்டினால் போதும்; எண் திரையில் காட்டுவதற்கு மட்டும். வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் நடுவண் மதிப்பை எடுக்கலாம், சராசரி கூடாது.

காலத்தையும் பதியச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களுக்கு இன்று முதல் தரம் (I), உடுக்குறியிட்ட இரண்டாம் தரம் (II*), இரண்டாம் தரம் (II) என மூன்று நிலைகள். குறியீட்டை அப்படியே வரிசைப்படுத்தினால் உடுக்குறியிட்டது கடைசியில் போய் நிற்கும். உண்மையில் அது நடுவில் இருப்பது. முன்பு மூன்றாம் தரமும் இருந்து 1970-இல் கைவிடப்பட்டது. தேவாலயங்களுக்கு ஏ, பி, சி என்று தனி வரிசையும் இருந்தது. பழைய பதிவு ஒன்றில் இரண்டாம் தரம் என்றிருந்தால், அதற்குக் கீழே இன்னொரு படி இருந்த காலத்ததா, இல்லாத காலத்ததா என்று தெரியாமல் இன்றைய பதிவோடு எப்படி ஒப்பிடுவது?

எங்கள் பட்டியலில் இன்னொரு பிழையும் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நாளாயிற்று. யாரும் சோதிக்காத பொருள்களுக்கு நாங்கள் 0 போட்டிருந்தோம். ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 16096-இலும் நிலை வகுப்புகள் 0 முதல் 3 வரைதான். ஆனால் அங்கே 0 என்றால் ஒருவர் பார்த்து, சேதத்தின் அறிகுறி ஏதுமில்லை என்று எழுதியதாகப் பொருள். சோதிக்கப்படாமை ஒரு தரமே அன்று. அந்தப் பொருளுக்கு மதிப்பீட்டு நிகழ்வு இல்லை, அவ்வளவுதான். நாங்கள் அதற்கும் ஓர் எண் கொடுத்ததால், வரிசைப்படுத்தியபோது அவை ‘மிக நன்று’க்கும் மேலே போய் உட்கார்ந்தன. திறந்தே பார்க்காத பெட்டிகளைப் பராமரிப்புத் திட்டத்தின் கடைசிப் பக்கத்துக்கு அப்படித்தான் தள்ளியிருந்தோம்.