பட்டினியா, பட்டாணியா?

சார்: மூன்று நாளாகப் பட்டாணி போட்டாயிற்று அம்மா. ஒன்றும் குணமாகவில்லை. எங்கள் தங்கமீன் இன்னும் தலைகீழாகத்தான் மிதக்கிறான்.

அக்கா: பட்டாணி போடச் சொன்னது யார்?

சார்: நீங்கள்தான். வியாழக்கிழமை போன் பண்ணினேனே. "மூன்று நாள் பட்டாணி போடுங்கள்" என்றீர்கள். என் மனைவியே சாட்சி, ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன்.

அக்கா: பட்டினி சார். மூன்று நாள் பட்டினி போடுங்கள் என்றேன்.

சார்: பட்டினியா?

அக்கா: பட்டினி. சாப்பாடு போடாமல் சும்மா இருப்பது.

சார்: அப்போது மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா: சரி, என்ன பட்டாணி போட்டீர்கள்?

சார்: நல்ல பட்டாணிதான். வறுத்தது. எங்கள் தெருமுனையில் வண்டிக்காரன் மணலில் சுடச்சுட வறுத்து, உப்பு மஞ்சள் போட்டுக் கொடுப்பான். ஒரு பிடி போட்டேன். அவன் வாயில் வைத்து வைத்துத் துப்பிவிட்டான். மறுநாள் பார்த்தால் பட்டாணியெல்லாம் ஊறிப் பருத்து அடியில் கிடக்கிறது, மீன் மேலே கிடக்கிறது.

அக்கா: தேங்காய் மாங்காய் போடவில்லையா?

சார்: அதெல்லாம் மீனுக்கு ஒத்துக்கொள்ளுமா?

(சென்னை கொளத்தூரில் அக்காவின் வண்ணமீன் கடை. ஏர் பம்புக்குக் குழாய் வாங்கப் போனவன் நான். ஒரு மீட்டர் வெட்டிக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். அரை மணி நேரம் நின்றேன், ஒரு நிமிடம்கூட அலுக்கவில்லை.)

அக்கா: எந்த மீன்? போன தீபாவளிக்கு வாங்கினீர்களே, தலையில் சிவப்புத் தொப்பி வைத்த தங்கமீன், அந்த ரெட் கேப் ஓரண்டாவா?

சார்: ஆமாம். லட்டு. பையன் வைத்த பேர்.

அக்கா: பேர் பொருத்தம்தான். செதில் எப்படி இருக்கிறது? உடம்போடு படிந்திருக்கிறதா, சீத்தாப்பழம் மாதிரித் தூக்கிக்கொண்டு நிற்கிறதா?

சார்: படிந்துதான் இருக்கிறது. எதற்குக் கேட்கிறீர்கள்?

அக்கா: தூக்கிக்கொண்டிருந்தால் உடம்புக்குள் நீர் கோத்துவிட்டது என்று அர்த்தம். அது வேறு வியாதி, பிழைப்பது கஷ்டம். இது அது இல்லை. வெளிக்குப் போகிறதா?

சார்: அதையெல்லாம் நான் எப்படி அம்மா பார்ப்பேன்?

அக்கா: கண்ணால் சார். பின்னால் நூல் மாதிரித் தொங்கும். போட்ட தீவனத்தின் கலரில் தொங்கினால் சரி, வெள்ளையாக வெறும் சவ்வு மாதிரித் தொங்கினால் குடலில் ஏதோ கோளாறு.

சார்: நான்கு நாளாக ஒன்றும் தொங்கவில்லை. மருந்து ஏதாவது கொடுங்களேன். அந்த நீல பாட்டில் இருக்கிறதே.

அக்கா: அது பூஞ்சணத்துக்கு. உங்கள் மீனுக்குப் பூஞ்சணம் இல்லை.

சார்: எல்லாக் கடையிலும் அதைத்தான் கொடுக்கிறார்கள். நீங்கள் மட்டும்தான் இத்தனை கேள்வி கேட்கிறீர்கள்.

அக்கா: நானும் கொடுத்துவிடலாம். உங்களுக்குத் திருப்தி, எனக்கு வியாபாரம், மீனுக்கு மட்டும் நீல நிறத்தில் சாவு. ஒரு நாளைக்கு எத்தனை வேளை தீவனம் போடுகிறீர்கள்?

சார்: ஒரே வேளைதான்.

அக்கா: யார் போடுவது?

சார்: நான்தான். காலையில் ஆபீஸ் கிளம்பும்போது.

அக்கா: ஒன்று. வேறு யாரும் போடுவதில்லையே?

சார்: இல்லை. மனைவி சாயந்திரம் விளக்கேற்றும்போது நான்கு உருண்டை போடுவாள். அது நைவேத்தியம் மாதிரி, கணக்கில் வராது.

அக்கா: அது நைவேத்தியம் என்று குடலுக்குத் தெரியாது சார். இரண்டு.

சார்: பையன் ஸ்கூல் விட்டு வந்ததும் ஒரு சிட்டிகை.

அக்கா: மூன்று.

சார்: வேலைக்கு வரும் அம்மா பெருக்கும்போது இது கண்ணாடி ஓரம் வந்து வாயைத் திறந்து திறந்து பார்க்குமாம். பாவம், பசிக்கிறது போல என்று அவர்களும் கொஞ்சம்.

அக்கா: நான்கு. ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வருவார்களா?

சார்: வந்தால் குழந்தைகள் போடுவார்கள்தான். அதற்குத்தானே மீன் வளர்ப்பது.

அக்கா: கல்யாண மண்டபத்தில்கூட இரண்டு பந்திதான் சார் போடுவார்கள். தங்கமீனுக்கு இரைப்பையே கிடையாது, தெரியுமா? வாயில் போட்டால் நேராகக் குடல்தான். சேர்த்து வைத்துக்கொள்ள இடமில்லை.

சார்: வயிறே இல்லை என்கிறீர்கள், அப்புறம் வயிறு உப்பியிருக்கிறதே?

அக்கா: அதைத்தான் சொல்ல வருகிறேன். அதற்குள்ளே காற்றுப்பை ஒன்று இருக்கிறது, இடுப்பில் சுருக்குப் போட்ட பலூன் மாதிரி, முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அறை. மேலே வருவதும் கீழே போவதும் அதனால்தான். சாதாரணக் கெண்டை நீளமாக இருக்கும், உள்ளே இடம் தாராளம். உங்கள் லட்டுவை அழகுக்காகக் குட்டையாக, உருண்டையாக வருமாறு தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்திருக்கிறார்கள். ஒன்பது கெஜப் புடவையை டிபன் பாக்ஸில் திணித்த மாதிரி எல்லாம் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. குடல் அடைத்தால் காற்றுப்பையை அழுத்தும். அப்புறம் எது மேல் எது கீழ் என்று அதற்கே பிடிபடாது. போதாக்குறைக்கு நீங்கள் போடுவது மிதக்கிற தீவனம். மேலே வந்து அதைக் கவ்வும்போது காற்றையும் சேர்த்து விழுங்கும்.

சார்: காற்றுதானே? டாக்டரிடம் காட்டி ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டால்?

அக்கா: எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எக்ஸ்-ரே எடுத்து, பை எங்கே இருக்கிறது, தண்ணீர் கோத்திருக்கிறதா என்று பார்த்துத்தான் செய்வார்கள். அது கடைசியில். முதலில் தண்ணீரைச் சொல்லுங்கள். மாற்றினீர்களா?

சார்: மாற்றினேனா என்று கேட்கிறீர்களே! பட்டாணி நாற்றம் தாங்காமல் நேற்று மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கிண்ணத்தைப் பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டுத் தேய்த்து, கூழாங்கல்லைக்கூட வெந்நீரில் அலசி, கேன் தண்ணீர் ஊற்றினேன். நாங்கள் குடிக்கிற தண்ணீர் அம்மா அது.

அக்கா: (எதுவும் பேசாமல் கத்திரிக்கோலைக் கீழே வைக்கிறார்.)

சார்: என்ன?

அக்கா: அந்தக் கல்லில்தான் சார் பாக்டீரியா இருந்தது. மீன் கழிவில் அம்மோனியா வரும், அது விஷம். அந்த பாக்டீரியாதான் அதைத் தின்று நைட்ரைட்டாக்கி, அப்புறம் நைட்ரேட்டாக்கும். அதை வெந்நீர் ஊற்றிக் கொன்றுவிட்டீர்கள். கேன் தண்ணீரில் தாது உப்பும் பெரிதாக இருக்காது. மெட்ரோ தண்ணீர் பிடித்து ஆன்டி குளோரின் சொட்டு விட்டு, மூன்றில் ஒரு பங்கு மட்டும் மாற்றியிருந்தால் போதும்.

சார்: இவ்வளவு சுத்தமாக வைத்ததற்குத் திட்டு.

அக்கா: கிண்ணம் எத்தனை லிட்டர்?

சார்: மூன்று இருக்கும். கிரகப்பிரவேசத்துக்கு மச்சான் கொடுத்தது. வடகிழக்கு மூலையில் தங்கமீன் நீந்தினால் பணம் தங்கும் என்றார்.

அக்கா: இப்போது மிதக்கிறதே, பணமும் மிதக்கிறதா?

சார்: கிண்டல் வேண்டாம் அம்மா.

அக்கா: ஓரண்டாவுக்கு 75 லிட்டராவது வேண்டும். ரோமில் 2005-லேயே வட்டக் கிண்ணத்தில் தங்கமீன் வளர்க்கத் தடை போட்டுவிட்டார்கள்.

சார்: தடையா? 2019-ல் இங்கேயும்தான் பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்டார்கள். நீங்கள் லட்டுவை எதில் போட்டுக் கொடுத்தீர்கள்?

(அக்கா முதல்முறையாகப் பதில் சொல்லாமல் குழாயை அளந்தார். அந்த ஒரு சுற்றில் ஜெயித்தது சார்தான், நான் ஒப்புக்கொள்கிறேன்.)

சார்: அது இருக்கட்டும். இந்த மீன் 150 ரூபாய். 75 லிட்டர் தொட்டி, பில்டர், தண்ணீர் டெஸ்ட் பண்ணுகிற கிட் எல்லாம் சேர்த்தால் நாலாயிரம் தாண்டும். புது மீனே வாங்கிக்கொள்ளலாமே? எப்படியும் இதெல்லாம் ஆறு மாதம்தானே உயிரோடிருக்கும்.

அக்கா: உங்கள் வீட்டில் ஆறு மாதம். இங்கிலாந்தில் 1956-ல் ஒரு பையன் திருவிழாவில் ஜெயித்துக்கொண்டு போன தங்கமீன் 1999-ல்தான் செத்தது. டிஷ் என்று பேர், கின்னஸில் இருக்கிறது. 43 வருஷம்.

சார்: 43 வருஷம்! எங்கள் மாமனார் ரிடையர் ஆகியே 20 வருஷம்தான் ஆகிறது.

அக்கா: மாமனாரும் உங்களோடுதான் இருக்கிறாரா?

சார்: ஆமாம்.

அக்கா: அவர் தீவனம் போடுவதில்லையே?

சார்: தீவனம் போடமாட்டார்.

அக்கா: அப்பாடா.

சார்: மேரி பிஸ்கட் போடுவார்.

அக்கா: ஐந்து.

சார்: காப்பியில் நனைத்துத்தான் போடுவார். ஊறினால் நல்லது என்று நீங்களே ஒருமுறை சொன்னீர்களே.

அக்கா: தீவனத்தை ஊறவைக்கச் சொன்னேன் சார், தொட்டித் தண்ணீரில். காப்பியிலா சொன்னேன்? எத்தனை முறை போடுவார்?

சார்: அதற்கென்ன கணக்கு? நாளெல்லாம் அதன் முன்னால்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பேசிக்கொண்டே போடுவார். எத்தனை தடவை சொல்லியும் கேட்பதில்லை. வயசானால் பிடிவாதம்.

அக்கா: யாரோடு பேசிக்கொண்டு?

சார்: மீனோடுதான். வேறு யார் இருக்கிறார்கள், நாங்கள் எல்லாரும் அவரவர் வேலையில் இருப்போம்.

அக்கா: மீனுக்குப் பசிக்கிறது என்றா சார் அவர் போடுகிறார்? அந்த வீட்டில் அவர் கிட்டே போனால் திரும்பிப் பார்ப்பது அது ஒன்றுதான்.

சார்: (கொஞ்ச நேரம் கழித்து) சரி. மருந்து ஏதாவது கொடுங்களேன்.

அக்கா: மருந்துக் கடையில் பேதி உப்பு, எப்சம் உப்பு என்று கேளுங்கள். கொண்டுவந்து காட்டுங்கள், எவ்வளவு என்று நான் அளந்து தருகிறேன். நீங்களே போடாதீர்கள்.

சார்: வீட்டில் இந்துப்பு இருக்கிறது.

அக்கா: இருக்கட்டும், மோரில் போட்டுக் குடியுங்கள். வீட்டுக்குப் போனதும் பெரிய பிளாஸ்டிக் டப் ஒன்றில் தண்ணீர் பிடித்து, சொட்டு விட்டு, மீனை மாற்றுங்கள். கிண்ணத்துத் தண்ணீருக்கும் டப் தண்ணீருக்கும் சூடு ஒன்றாக இருக்கட்டும். நான் தருகிற ஏர் பம்பைப் போடுங்கள். தொட்டி அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் வாங்கலாம், அதுவரைக்கும் தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். வயிறு தண்ணீருக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால் அந்த இடம் காய்ந்து புண்ணாகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சார்: இருங்கள், எழுதிக்கொள்கிறேன். சாப்பாடு?

அக்கா: மூன்று நாள் பட்டினி. நான்காம் நாள் பட்டாணி.

சார்: மூன்று நாள் பட்டாணி...

அக்கா: பட்டினி. ப, ட், டி, னி.

சார்: அப்புறம் பட்டாணியா? அப்படியானால் நான் போட்டது தப்பில்லையே, நாள்தானே முன்பின் ஆகிவிட்டது!

அக்கா: வறுகடலை வண்டிப் பட்டாணி இல்லை சார், பச்சைப் பட்டாணி. மெத்தென்று வேகவைத்து, உப்பு போடாமல், தோலை உரித்துவிட்டு, உள்ளே இருப்பதை நகத்தால் பொடிப்பொடியாகக் கிள்ளிப் போடுங்கள். அது மிதக்காமல் கீழே இறங்கும், மீனும் காற்றை விழுங்காமல் சாப்பிடும்.

சார்: கால் கிலோ போதுமா?

அக்கா: ஒன்று.

சார்: ஒரு கிலோவா?

அக்கா: ஒரு பட்டாணி.

சார்: ஒரு பட்டாணியை எந்தக் கடைக்காரன் நிறுத்துக் கொடுப்பான்?

அக்கா: கால் கிலோ வாங்கி மீதியில் குருமா வையுங்கள். மாமனாருக்குப் பிடிக்குமா?

சார்: பிடிக்கும். ஆனால் இதை யார் உட்கார்ந்து உரித்துக் கிள்ளிக்கொண்டிருப்பது? எனக்கு ஆபீஸ், அவளுக்குச் சமையல், பையனுக்கு டியூஷன்.

(அக்கா ஒன்றும் சொல்லவில்லை. என் குழாயைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டார். சார் கொஞ்ச நேரம் அந்த ரப்பர் பேண்டையே பார்த்தார். அப்புறம் போனை எடுத்தார்.)

சார்: ஹலோ, மாமா? நான்தான். உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. லட்டு விஷயமாக. ஆமாம், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், வேறு யாரையும் கிட்டே விடாதீர்கள். இன்றிலிருந்து அவனுக்கு மூன்று நாள் பட்டினி. பட்டினி மாமா. இல்லை, இல்லை, அதை எடுக்காதீர்கள், பட்டாணி இல்லை... மாமா, முதலில் அந்த மிக்ஸியை நிறுத்தச் சொல்லுங்கள்!