கை கால் வெட்டி இழுத்தாலே வலிப்பு அல்ல

மயக்கம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், "கை கால் வெட்டி இழுத்தால் அது வலிப்புத்தான்" என்று ஒரு வரி வருகிறது. அதைத் தயவுசெய்து திருத்துங்கள்.

சென்ற வருடம் கோணேசர் கோயிலில், உச்சி வெயிலில் வரிசையில் நின்ற என் பெறாமகளுக்கு முகம் வெளிறி வியர்த்தது. "கண் இருட்டுகிறது, சின்னம்மா" என்றபடியே சரிந்தாள். கைகள் நாலைந்து தடவை வெட்டின. யாரோ ஓடிவந்து உள்ளங்கையில் திறப்புக்கோர்வையைத் திணித்தார். அரை நிமிடத்துக்குள் விழித்து, "செருப்பு எங்கே?" என்று தெளிவாகக் கேட்டாள். ஆனாலும் ஊர் அவளுக்கு வலிப்புக்காரி என்று பெயர் வைத்துவிட்டது. கலியாணப் பேச்சு நடக்கும் வயது அவளுக்கு.

மூளை முழுவதற்கும் இரத்த ஓட்டம் சற்றுக் குறைந்து, சட்டென நினைவு தப்பி, விரைவில் தானாகவே முழுமையாகத் திரும்புவதுதான் மயக்கம். அதிலும் சிறு வெட்டல்கள் வரும். வலிப்பு வேறு; அது மூளையின் மின்செயற்பாட்டுக் கோளாறு. அதில் வெட்டல் பெரும்பாலும் நீளும், நாக்கின் ஓரம் கடிபடலாம், விழித்த பிறகும் குழப்பம் நீடிக்கும்.

ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2018 வழிகாட்டி மயக்கத்தை மூன்றாக வகுக்கிறது. வலி, பயம், நெடுநேரம் நிற்பது போன்றவற்றால் வரும் அனிச்சை மயக்கம் ஒன்று. எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் இறங்குவது இன்னொன்று. மூன்றாவது இதயக் கோளாறு. பயப்பட வேண்டியது இதற்குத்தான். ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ ஒருவர் மயங்கினால், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் இருந்தால், தாமதிக்காமல் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே!