பினாங்குச் சீனப் பாட்டி மாண்டரின் பேசுவாரா?
நண்பரே, "கதையில் மலேசியச் சீனர் வந்தால் மாண்டரின் பேசவைத்தால் போதும், எல்லாருக்கும் அதுதானே தாய்மொழி" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கதையில் வருபவரோ ஒரு பினாங்குச் சீனப் பாட்டி. புதிதாக எழுத வருபவர்கள் இதை நம்பிவிடக் கூடாது.

மலேசியாவின் பினாங்கில் சீனர்களின் வீட்டிலும் சந்தையிலும் தலைமுறைகளாக வழங்கிவந்தது ஹொக்கியென் என்ற சீன மொழி. அதிலும் பினாங்கு ஹொக்கியெனில் மலாய்ச் சொற்கள் ஊறிக் கிடக்கின்றன: கல்லுக்கு 'பாத்து', ரொட்டிக்கு 'லோத்தி', போலீஸுக்கு 'மாத்தா'. கோலாலம்பூருக்குப் போனால் கேண்டனீஸ் என்ற இன்னொரு சீன மொழிதான் அதிகம் காதில் விழும். மாண்டரின் பெரும்பாலும் சீனப் பள்ளிகள் வழியாகப் பரவியது. இளையவர்கள் பலர் இன்று அதையே வீட்டிலும் பேசுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் உங்கள் கதையில் வருபவர் எண்பது வயதுப் பாட்டி!

பெயரையும் கவனியுங்கள். சீனத்தில் ஒரே மாதிரி எழுதும் ஒரு குடும்பப்பெயர் ஹொக்கியென்காரருக்குத் 'தான்', கேண்டனீஸ்காரருக்குச் 'சான்', மாண்டரினில் 'சென்'. குடும்பப்பெயர் முதலில் வரும். சொந்தப் பெயர் பின்னால். பேரன் 'ஆ மா' என்று கூப்பிட்டால் அது பாட்டியை. தமிழ் வாசகர் அம்மா என்று எண்ணிவிடுவார், அந்த இடத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரத்துச் சௌராஸ்தா சந்தையில் வளர்ந்த காதுக்கு இதெல்லாம் முதல் வசனத்திலேயே தெரிந்துவிடும். தமிழர்களான நம்மைப் பிறர் ஒரே அச்சில் எழுதும்போது நமக்கு எவ்வளவு வலிக்கிறது! வெளியிடும் முன் அந்த வட்டாரத்தில் வளர்ந்த ஒருவரிடம் உரையாடல்களை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள்.