எடையோடு வயிற்றின் சுற்றளவையும் பார்க்க வேண்டும்

உடல் எடையைப் பற்றி விரிவாகப் பேசும் கட்டுரை ஒன்றைப் படித்தேன்; வயிற்றில் சேரும் கொழுப்பை அது தொடாமல் விட்டது பெருங்குறை என்பேன். நம்மவர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 25-ஐத் தொட்டாலே பருமன்தான். வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற அளவைத் தாண்டினால், கை கால்கள் ஒல்லியாக இருப்பவரும் கவனமாக இருக்க வேண்டும். உள்ளுறுப்புகளைச் சூழ்ந்த அக்கொழுப்பு, இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சரிவர வேலை செய்யவிடாமல் தடுப்பதால், சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் ஓசையின்றி வந்து சேருகின்றன.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் குடும்பம் நடத்தும் கொலுசுப் பட்டறையில், காலை முதல் இரவு வரை சம்மணமிட்டுக் குனிந்து வேலை செய்பவர்களுக்குத் தட்டுவடை செட்டும் சர்க்கரை தூக்கலான தேநீரும்தான் இளைப்பாறல். எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுவரைத் தேடும் என் சித்தப்பாவுக்கு, இரவில் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறது, பகலெல்லாம் அசதி. எடையோடு தொடர்புள்ள இதை வயதின் கோளாறு என்று வீட்டார் ஒதுக்குவதுதான் என்னால் தாங்க முடியவில்லை. உடல் பருமனைக் குறித்த கேலிக்கு அஞ்சியே மருத்துவரிடம் போகாதவர்களும் உண்டு. எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே இரத்தச் சர்க்கரையும் அழுத்தமும் இறங்க வாய்ப்புண்டு என்பதைக் கட்டுரையாளர் அடுத்த பகுதியிலாவது எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன்.