கொச்சியிலிருந்து லண்டனுக்கு ஒரே மூச்சில் பறக்குமா?

எம்ப்ரேயர் ஃபெனம் 300இ என்னும் சிறிய ஜெட், கொச்சியில் கிளம்பி எங்கும் இறங்காமல் லண்டன் சேரும், ஒலியையும் முந்தும் என்றொரு செய்தி கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இரண்டும் தவறு. ஐந்து பேருடன், அவசரத்துக்கான இருப்பு எரிபொருளையும் ஒதுக்கிக்கொண்டு அது கடக்கக்கூடிய தொலைவு சுமார் 3,700 கி.மீ.; லண்டனோ 8,000 கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. துபாய்க்கு வேண்டுமானால் தாராளமாகப் போகலாம். ஆனால் ஆள் கூடக்கூட, எடை வரம்பைத் தாண்டாதிருக்க எரிபொருளைக் குறைக்க வேண்டிவரும், தூரமும் சுருங்கும். வேகத்தின் உச்சம் மாக் 0.80, அதாவது ஒலிவேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு. 45,000 அடி உயரம் வரை பறக்கும் என்று அதே செய்தி சொல்வது மட்டும் உண்மை. செய்தியோடு வரும் படத்திலோ வால்பக்கம் மூன்று என்ஜின்கள் தெரிகின்றன, ஃபெனமுக்கு இரண்டுதான்.